மெய்லின் அக்காவுக்கு ஒரு பதாகை

கம்பனிச் சாப்பாட்டறைச் சுவரில் குலசிங்கம் பதாகையைக் கட்டி முடித்ததும், முதலில் உள்ளே வந்த இரண்டு சீனப் பொடியள் தொப்பியைக் கழற்றித் தலைகுனிந்து நின்றார்கள். மரியாதை தெரிந்த பிள்ளைகள் என்று இவர் மனம் குளிர்ந்தார். மூன்றாவதாக வந்த பெண் அழத் தொடங்கிய பிறகுதான் எங்கேயோ இடித்தது.

ஒஃபீஸிலிருந்து நிரோஷினி ஓடி வந்தாள்.

“அங்கிள், உதென்ன வேலை? மெய்லின் செத்துப்போனா எண்டு நினைக்கினம்.”

“அவ ரிட்டயர் ஆகிறா, பிள்ளை. ஏன், வடிவாத்தானே கிடக்கு?”

“கறுப்பு வெள்ளைப் படம். சுத்திவர மாலை. கீழ 1994 – 2025. ஆர் அடிச்சது?”

அடித்தது ஸ்காபரோவில் ஓர் அச்சகம். மரண அறிவித்தலில் அவர்களை வெல்ல ஆளில்லை. தாய், தகப்பன், மாமன் மூவருக்கும் இவர் அங்கேதான் கண்ணீர் அஞ்சலி அடித்தார். பழைய வாடிக்கையாளர் என்று அதே மாலையை இந்த முறை இலவசமாகப் போட்டுக் கொடுத்தார்கள். கறுப்பு வெள்ளை மட்டும் இவருடைய சொந்த யோசனை. கலைநயமாக இருக்கும் என்று நினைத்தார்.

தொண்ணூற்று நான்கில் ரெக்ஸ்டேல் வாளிக் கம்பனியில் மெய்லினும் இவரும் ஒரே லைன். அவர் சீனாவில் எஞ்சினியர். அந்தப் பட்டத்தை இங்கே ஒருவரும் கணக்கெடுக்கவில்லை. குலசிங்கம் கோணலாக மாட்டும் வாளிக் கைபிடிகளை மெய்லின் சத்தமில்லாமல் கழற்றித் திரும்ப மாட்டிவிடுவார். வேலை முடிந்து படித்து, பரீட்சைகளைத் தாண்டி, மாகாண அரசில் தொழிற்பாதுகாப்புப் பரிசோதகரானார். ஒருநாள் அதே வாளிக் கம்பனிக்குக் கோப்போடு வந்து இறங்கினார். மெசினில் ஒருவனுக்கு விரல் போயிருந்தது. கதவைப் பூட்ட வைத்துவிட்டுத்தான் போனார்.

குலசிங்கத்தின் வேலையும் போனது. ஆனாலும் கண்டவரிடமெல்லாம், “எங்கட லைன் பிள்ளை, மனேஜரை நிண்ட இடத்தில வேர்க்க வைச்சிட்டா” என்று பெருமையாகப் புளுகித் திரிந்தார். விரலைத் தின்ற மெசினின் பாதுகாப்பு மூடியைக் கழற்றியது தான்தான் என்பதை மட்டும் அந்தக் கதையில் சேர்ப்பதில்லை.

பிறகு மெய்லின் அரச வேலையை விட்டு, அப்படிப்பட்ட மூடிகளையே செய்யும் கம்பனியொன்றை மார்க்கம் நகரில் தொடங்கினார். இன்று நூற்றுநாற்பது பேருக்கு அங்கே வேலை. தமிழர்களுக்கு அவர் மெய்லின் அக்கா. அவர் முதலில் எடுத்த ஆள் குலசிங்கம்.

மூடி கழற்றியவனை மூடி செய்ய எடுப்பார்களா? பாவம் பார்த்துத்தான் எடுத்திருப்பார் என்பது மனைவி மங்கையற்கரசியின் தீர்ப்பு. ஏன் எடுத்தீர்கள் என்று பதினான்கு வருடமாக இவர் மெய்லினைக் கேட்டுப் பார்க்கிறார். “மூன்றாம் மெசின் சத்தம் போடுது, போய்ப் பார்” என்பதுதான் பதில். இன்றைக்கும் கேட்காவிட்டால், அந்தப் பாவத்தைச் சுமந்துகொண்டே தானும் பென்ஷன் எடுக்கவேண்டியதுதான்.

மெய்லின் உள்ளே வந்தார். மாலைக்குள் இருந்த தன் முகத்தை நிதானமாகப் பார்த்தார்.

“யார் செய்தது?”

நிரோஷினி கூரையைப் பார்த்தாள்.

“நான்தான்” என்றார் குலசிங்கம்.

“நல்ல படம், சிங்கம். ஆனால் கொஞ்சம் முந்திவிட்டாய். எனக்கு இன்று பின்னேரம் வரை வேலை இருக்கு.”

அழுத பெண்தான் முதலில் சிரித்தாள். கேக் வெட்டினார்கள். சனம் கலைந்ததும் குலசிங்கம் மெல்லப் பக்கத்தில் போய் நின்றார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் திரட்டிக் கேட்டார்.

“மெய்லின், இண்டைக்கு மூண்டாம் மெசின் ஓடேல்லை. நான் பாத்திட்டுத்தான் வந்தனான். என்னை ஏன் எடுத்தனீங்கள்? பாவம் பாத்தோ?”

மெய்லின் தட்டைக் கீழே வைத்தார்.

“அன்றைக்கு நாற்பது பேரைக் கேட்டேன், மூடியைக் கழற்றியது யார் என்று. முப்பத்தொன்பது பேருக்குத் தெரியாது. நீ, மனேஜர் பக்கத்தில் நிற்க, ‘நான்தான், இவர் சொல்லிக் கழற்றினேன்’ என்றாய். அந்தச் சொல்லை வைத்துத்தான் கம்பனியைப் பூட்டினேன். சொந்தமாகத் தொடங்கியபோது கையில் ஒருவனுக்குத்தான் சம்பளம் இருந்தது. பாவம் பார்க்கிற வசதி எனக்கு இருக்கவில்லை, சிங்கம்.”