மூச்சு விடும் இடம்

“அம்மா, பாடுறப்ப நீ எப்பம்மா மூச்சு விடுவே?”

ஆமோஸ் இப்படிக் கேட்டபோது அவனுக்கு ஆறு வயது. லூஷியஸ் கெய்ன்ஸின் ஸ்விங் நடன இசைக்குழு அமெரிக்காவின் தென்பகுதியில் ஓட்டைப் பேருந்து ஒன்றில் ஊர் ஊராகப் போய், நடன அரங்குகளில் வாசித்துப் பிழைத்த காலம் அது. குழுவின் பாடகி வெர்லீன் டில்லரி செருப்பைக் கழற்றிவிட்டு, வேகவைத்த வேர்க்கடலையை உரித்து மகன் கையில் போட்டுக்கொண்டிருந்தாள். முன் இருக்கையில் தொப்பியை முகத்தின்மேல் கவிழ்த்துக்கொண்டு சாய்ந்திருந்த ரூஃபஸ் மேப்ரியை முகவாயால் காட்டினாள்.

“அதோ, தூங்குற மாதிரி நடிக்கிறாரு பாரு, அந்த மாமா சாக்ஸபோன் ஊதுறப்ப.”

பையன் எழுந்து போய் ரூஃபஸின் தொப்பியைத் தூக்கினான். “அப்ப நீங்க எப்ப விடுவீங்க?”

“உங்கம்மா பாடுறப்ப.”

“ரெண்டு பேருக்கும் ஒண்ணா மூச்சு முட்டிடுச்சுன்னா?”

ரூஃபஸ் தொப்பியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். பின்னாலிருந்து டிரம்ஸ்காரர் சத்தம் போட்டார்: “ரெண்டு பேரையும் கெய்ன்ஸ் நடுரோட்டுல இறக்கி விட்டுடுவாருடா!” பேருந்தே சிரித்தது. ஆமோஸ் மட்டும் சிரிக்கவில்லை. கேட்டதற்குப் பதில் கிடைக்காத பிள்ளையின் முகத்தோடு போய்த் தாயின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

அந்தக் குளிர்காலத்திலேயே அவன் போய்விட்டான். ஆர்க்கன்சாவில் தொண்டை அடைப்பான் வந்தது. அந்த ஊர் மருத்துவமனையில் கறுப்பர்களுக்குப் படுக்கை இல்லை என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினார்கள். பேருந்தை அடுத்த ஊருக்குத் திருப்பினார்கள். பாதி வழியில், வெர்லீனின் மடியில், பிள்ளை மூச்சுக்குத் தவித்துத் தவித்து அடங்கினான். ரூஃபஸ் பேருந்தின் தரையில் மண்டியிட்டு ஜெபித்துக்கொண்டே இருந்தான். பதில் வரவில்லை. அதன்பிறகும் அவன் ஜெபிப்பதை விடவில்லை. கேட்பதை மட்டும் குறைத்துக்கொண்டான்.

அடுத்த கோடையில் ரூஃபஸுக்கு அடி விழுந்தது. ஒரு சிற்றூரின் எல்லையில் பேருந்தை நிறுத்திய காவலர் ஒருவர், சாக்ஸ் பெட்டியைத் திறக்கச் சொன்னார். “மெதுவா எடுங்க ஐயா, பழசு” என்று ரூஃபஸ் சொன்னது அவருக்குத் திமிராகப் பட்டது. தடியால் வாயிலேயே போட்டார். உதடு கிழிந்து, முன்பல் ஆடியது. சாக்ஸ் வாசிப்பவனுக்கு உதடுதான் எல்லாம். ஊத முடியாதவனுக்கு வண்டியில் இடம் இல்லை என்பது எந்தக் குழுவிலும் உள்ள வழக்கம். கெய்ன்ஸ் கெட்டவர் அல்ல, ஆனால் அவரும் பெட்டியைக் கட்டச் சொல்லத்தான் வாயெடுத்தார்.

வெர்லீன் குறுக்கே பேசினாள். “ரூஃபஸ் தனியா ஊதுற இடத்தையெல்லாம் கொஞ்ச நாளைக்கு நான் பாடுறேன். வார்த்தை இல்லாம, வெறும் குரல்ல. ஜனங்க இப்ப அதைத்தான் விரும்புறாங்க.”

“எந்த ஊர் ஜனங்கம்மா?” என்றார் கெய்ன்ஸ்.

“நாளைக்குப் போற ஊர் ஜனங்க.”

மகனைப் புதைத்து ஆறு மாதம்கூட ஆகாத பெண். அவளிடம் மறுத்துப் பேச கெய்ன்ஸுக்கு மனம் வரவில்லை. உதடு ஆறும்வரை ரூஃபஸ் தன் நாற்காலியில் சாக்ஸை வாயருகே பிடித்துக்கொண்டு விரல்களை மட்டும் அசைத்தான். அவன் ஊத வேண்டியதையெல்லாம் அவள் தன் தொண்டையால் பாடினாள். இரவில் நாலு மணி நேரம் தன் பாட்டையும் பாடி, அவன் பாட்டையும் பாடினாள். அதைப் பற்றி அவனிடம் ஒரு சொல் பேசியதில்லை. அவனும் எத்தனையோ தடவை நன்றி சொல்ல வாயெடுத்தான். ஒவ்வொரு தடவையும் அவள், “பாதிரி, உன் பிரசங்கத்தை ஞாயித்துக்கிழமைக்கு வச்சுக்க” என்று எழுந்து போய்விடுவாள். குடிக்க மாட்டான், ஊரெல்லாம் பைபிளைச் சுமந்து வருவான் என்பதால் குழுவில் அவனுக்குப் பாதிரி என்றே பெயர்.

இருபது வருடம் கழித்து சிகாகோவில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர்கள் மறுபடி கூடியிருந்தார்கள். குழு எப்போதோ கலைந்துவிட்டது. ராக் அண்ட் ரோல் வந்தபிறகு ஸ்விங்கை யாரும் தேடவில்லை. ஆனாலும் ஒரு கம்பெனிக்குப் பழைய பாட்டுகளைப் பழைய முறையிலேயே ஓர் இசைத்தட்டாகப் போடலாம் என்று தோன்றியிருந்தது. கெய்ன்ஸ் மிச்சமிருந்தவர்களைத் தேடிப்பிடித்தார். ஒருவர் தபால் பிரித்துக்கொண்டிருந்தார், ஒருவர் இறைச்சிக் கிடங்கில் இருந்தார். ரூஃபஸ் ஒரு பள்ளிக்கூடத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தான்.

வெர்லீன் கைத்தடியோடு வந்தாள். குழுவோடு பாடிய காலத்தில் வந்த தட்டுகளில் கெய்ன்ஸின் பெயர்தான் இருக்கும். அவள் பெயர் எதிலும் அச்சானதில்லை. இந்தத் தட்டில்தான் பெரிய எழுத்தில் அவள் பெயர் வரவிருந்தது.

பதினொரு பாட்டுகள் எப்படியோ முடிந்துவிட்டன. துண்டு துண்டாக, நடுவில் உட்கார்ந்து இருமி, மறுபடி எழுந்து பாடினாள். மிஞ்சியது ஒரு பாட்டு. மெதுவான ப்ளூஸ், துயரத்தைப் பாடும் வகை. ஆமோஸ் போனபிறகு அவளே கட்டியது. இதுவரை எந்த மேடையிலும் பாடாதது. அதன் கடைசிச் சொல்லை, பின்னால் குழு மெல்ல மெல்ல அடங்கும்வரை ஒரே ஸ்வரத்தில் நீட்டிப் பிடிக்க வேண்டும்.

அந்த ஸ்வரம்தான் நிற்கவில்லை. காலையிலிருந்து அது பாதியிலேயே உடைந்து உடைந்து போயிற்று.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து தயாரிப்பாளர் ஸ்ட்ராண்டின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. “மிஸ் டில்லரி, பத்து நிமிஷம் ஓய்வெடுங்க. கெய்ன்ஸ், நீங்க கொஞ்சம் உள்ள வாங்க.”

உள்ளே போன கெய்ன்ஸ் சீக்கிரமே திரும்பி வந்தார். ரூஃபஸை ஓரமாகக் கூப்பிட்டார்.

“இன்னிக்கே முடியலன்னா அந்தப் பொண்ணைப் பாட வைப்பானாம்.” கண்ணாடிக்குப் பின்னால் கையுறையை மடியில் வைத்துக்கொண்டு டோலரஸ் என்ற இளம்பெண் உட்கார்ந்திருந்தாள்.

“இந்தப் பாட்டை மட்டுமா?”

“ஒரு தட்டுல ரெண்டு குரல் இருக்கக்கூடாதாம். பதினொண்ணையும் அழிச்சிட்டு முதல்லேர்ந்து அவளை வச்சே எடுக்கிறானாம். வெர்லீன்கிட்ட நீ சொல்றியா?”

“நான் மாட்டேன்.”

“நானும்தான். அதான் உன்னைக் கேக்குறேன்” என்றார் கெய்ன்ஸ்.

சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை. ரூஃபஸ் தாழ்வாரத்துக்குப் போனபோது வெர்லீன் பெஞ்சில் சுவரோடு சாய்ந்திருந்தாள். டோலரஸ் அவளுக்கு முன்னால் குனிந்து, தேன் கலந்த வெந்நீர்க் கோப்பையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

“எனக்குப் பதிலா வந்தவ நீதானா?”

“ஆமாங்க, மிஸ் வெர்லீன்.” அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கியிருந்தது. “எதுக்குன்னு சொல்லாமலே வரச் சொன்னாங்க. சத்தியமாத் தெரியாதுங்க.”

“அழாதே. எந்த சர்ச்சுல பாடறே?”

“எங்கப்பா போதகரா இருக்கிற சின்ன சர்ச்சுதாங்க.”

“கைதட்டிப் பாடுறவ, அதான் உள்ளங்கை சூடா இருக்கு.” கோப்பையை வாங்கி ஒரு வாய் குடித்தாள். “நான் விழுந்துட்டேன்னா நீ எழுந்து பாடு. வெக்கப்படாதே. யார் பாடினாலும் பாட்டுக்கு வலிக்காது. போ, உள்ள போய் உக்காரு.”

பெண் போனபிறகு ரூஃபஸ் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“டாக்டர் என்ன சொன்னாரு?”

“ஒரு நுரையீரல் கடையை மூடிடுச்சாம். இன்னொண்ணு அரை ஷட்டர்ல ஓடுதாம்.” சிரிக்கப் பார்த்தாள். அது இருமலாக மாறியது. கைக்குட்டையை ரத்தக் கறை தெரியாமல் மடித்து உள்ளே வைத்துக்கொண்டாள். ரூஃபஸ் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தான்.

“அந்தப் பொண்ணுகிட்ட பெரிய மனசு மாதிரி பேசிட்டேன், பாதிரி. எனக்கு அவ்வளவு பெரிய மனசு இல்ல. மத்ததையெல்லாம் அழிச்சாலும் அழிக்கட்டும். இது என் பிள்ளைக்கு நான் கட்டின பாட்டு. இதை அவனுக்கு இன்னொருத்தி பாடக்கூடாது.”

“நீயே பாடுவே.”

“எதை வச்சு?”

ரெண்டு பேருக்கும் ஒண்ணா மூச்சு முட்டிடுச்சுன்னா என்று கேட்ட பையனின் முகம் ரூஃபஸுக்கு நினைவு வந்தது. “எழுந்திரு, போகலாம்” என்று மட்டும் சொல்லிக் கைகொடுத்தான்.

கூடத்துக்குள் வந்ததும் அவன் ஒரு சின்னக் காரியம் செய்தான். சாக்ஸின் ஊதுவாயில் இருந்த புதுச் சீவாளியை, அந்த மெல்லிய நாணல் பட்டையை, கழற்றிவிட்டு, பெட்டியின் மூலையில் கிடந்த பழைய சீவாளியைப் போட்டுக்கொண்டான். தேய்ந்து மெலிந்துபோனது அது. உரக்க ஊதினால் சீறும். மூச்சைக் கொஞ்சமாகக் கசிய விட்டால் மட்டும், ஸ்வரம் பாதியும் காற்று பாதியுமாக, பக்கத்து அறையில் யாரோ வாய் மூடி முனகுவதுபோல வரும்.

“என்ன பாதிரி, குப்பையைக் கிளறுறே?” என்றார் டிரம்ஸ்காரர்.

“புதுசு கீச்சுங்குது.”

“உனக்கும் எனக்கும் வயசாச்சு. சீவாளியை ஏன் திட்டுறே?”

வெர்லீனும் ரூஃபஸும் ஒரே மைக்கின் முன்னால் நின்றார்கள். ப்ளூஸில் ஒரு வழக்கம் உண்டு. அவள் ஒரு வரி பாடுவாள், அவள் மூச்சு வாங்கும் இடைவெளியில் சாக்ஸ் அதற்குப் பதில் சொல்லும். கெய்ன்ஸ் இவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குழுவைப் பார்த்துக் கையை உயர்த்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

வெர்லீன் கண்ணை மூடிக்கொண்டாள்.

விளக்கை அணைச்சிடாதே கண்ணு, அம்மா வந்துகிட்டிருக்கேன் என்று பாடினாள். குரலில் பழைய பளபளப்பு எதுவும் இல்லை. ஈரமான விறகு எரிவதுபோல, புகையும் சூடுமாக வந்தது. ரூஃபஸ் பதில் ஊதினான். அதே வரியை மறுபடி பாடினாள், ப்ளூஸில் பாடவேண்டிய முறைப்படி. மறுபடி ஊதினான். அவள் தோள்பட்டை ஏறி இறங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு வரியும் முந்தையதைவிடச் சீக்கிரம் மெலிந்தது. அவன் ஒவ்வொரு பதிலையும் முந்தையதைவிடக் கொஞ்சம் முன்னதாகத் தொடங்கி, கொஞ்சம் தாமதமாக முடித்தான். அவளுக்கு அரைக்கால் மூச்சு கூடுதலாகக் கிடைத்தது.

கடைசி வரி வந்தது. கடைசிச் சொல் வந்தது. அவள் அந்த ஸ்வரத்தைத் தொட்டாள். தொட்டதும் அது நிலைத்து நின்றது. பின்னால் டிராம்போன் குழல்கள் ஒவ்வொரு படியாக இறங்கின.

அந்த இடத்தில் சாக்ஸுக்கு வேலை கிடையாது. அவன் இசைத்தாளில் அங்கே வெறும் கோடுதான் போட்டிருந்தது.

அவள் கழுத்து நரம்பு புடைத்தது. குரல் ஒருமுறை நடுங்கியது. இன்னும் ஒரு கணத்தில் அது உடையும் என்பது ரூஃபஸுக்குத் தெரிந்தது. செய்யப்போவது பொய்யில் சேருமா என்று அவனுக்குள் ஒரு கேள்வி எழுந்தது. அதற்குப் பதிலாக, கிழிந்த உதட்டோடு விரலை மட்டும் அசைத்துக்கொண்டிருந்த ஒரு கோடைகாலம் கண்முன் வந்தது. கர்த்தரே, சத்தம் தெரியாம இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு ஊதினான். ஊதினான் என்பதைவிட, கசிய விட்டான் என்பதே சரி. அவள் குரலுக்கு அடியில், அதே ஸ்வரத்தில், அதே நடுக்கத்தோடு.

அவள் குரல் அறுந்தது. வாய் திறந்தபடியே இருந்தது. கண் மூடியபடியே இருந்தது. ஸ்வரம் அறுபடவில்லை. டிராம்போன்கள் கீழே இறங்கி, டிரம்ஸ் அடங்கி, கடைசியாக ஒரு மணி நாதம்போல எல்லாம் ஓய்ந்தபிறகும், அது ஓர் இழையாக நின்று, அதன்பின் மறைந்தது.

விளக்கு அணைந்தது.

“வந்துடுச்சு!” என்று ஒலிபெருக்கி அதிர்ந்தது. “மிஸ் டில்லரி, அந்தக் கடைசி ஸ்வரம்! காலையிலேருந்து இதுக்குத்தான் காத்திருந்தேன்!”

வெர்லீன் கண்ணைத் திறந்தாள். எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவள்போலச் சுற்றிப் பார்த்தாள். “நின்னுச்சா பாதிரி?”

“நின்னுச்சு.”

“எனக்குக் காது அடைச்சிருச்சு. ஒண்ணுமே கேக்கல.” முகத்தில் வியர்வையோடு சேர்ந்து ஏதோ வழிந்தது. “அவன் கேட்டிருப்பான், இல்ல?”

“கேட்டிருப்பான், வெர்லீன்.”

அடுத்த இருமலில் அவள் மடங்கி உட்கார்ந்தாள். டோலரஸ் ஓடிவந்து தன் மேல்கோட்டைப் போர்த்தி, கெய்ன்ஸோடு சேர்ந்து அவளைக் காருக்குக் கூட்டிப்போனாள். அந்தக் கார் நேராக மருத்துவமனைக்குப் போயிற்று. தட்டு கடைக்கு வரும்வரை வெர்லீன் இருக்கவில்லை. அட்டையில் தன் பெயரின் எழுத்துகள் எவ்வளவு பெரிதாக இருந்தன என்று அவளுக்குத் தெரியாமலே போயிற்று.

அன்று அவளைக் காரில் அனுப்பிவிட்டு, பதிவைப் போட்டுக் கேட்டார்கள். ஸ்ட்ராண்ட் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். டிரம்ஸ்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அந்த உடம்புக்குள்ள எங்கடா வச்சிருந்தா இவ்வளவு மூச்சு?” என்றார்.

“அவகிட்ட எப்பவும் இருந்ததுதான்” என்றான் ரூஃபஸ்.

எல்லோரும் கலைந்து போனார்கள். அவன் மட்டும் சுவரோரம் நின்று, கடைசி வரியை ஒருமுறை போடச் சொல்லி ஒலிப்பதிவாளரிடம் கேட்டான். அவர் போட்டுவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டார். காலியான நாற்காலிகளுக்கு நடுவே ரூஃபஸ் காதைக் கொடுத்துக் கேட்டான். அவள் குரல் எங்கே முடிகிறது, தன் மூச்சு எங்கே தொடங்குகிறது என்று தேடினான். அவனாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

நாடா சுழன்று முடிந்து, அதன் முனை டப் டப் என்று அடித்துக்கொண்டிருந்தது. அவன் அந்தப் பழைய சீவாளியைக் கழற்றி, துடைத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.