மூன்று அழைப்பு விதி

எனக்குச் சந்தேகப் புத்தி என்று என் வீட்டுக்காரர் சொல்வார். இருக்கட்டுமே. அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி என்று எல்லாச் சிகிச்சைப் பிரிவுகளையும் கட்டி மேய்க்கிறவளுக்கு அது கொஞ்சம் இல்லாவிட்டால் தலையில் மிளகாய் அரைத்துவிடுவார்கள்.

இந்த முறை சந்தேகம் பேச்சுப் பயிற்சியாளர் மேல். பக்கவாதத்தில் பேச்சிழந்தவர்களுக்கு முதல் சில மாதங்கள்தான் முக்கியம். அதைத் தவறவிட்டால் வந்திருக்கக்கூடிய பேச்சும் வராமல் போகலாம். அப்படிக் காத்திருந்த அறுபது பேரில் இருபத்தேழு பெயர்கள் ஒரே மாதத்தில் பட்டியலிலிருந்து போயிருந்தன. பிசியோதெரபியில் போனது நான்கே நான்கு. நெருப்பில்லாமல் புகையுமா? தனியாக எங்கோ கிளினிக் வைத்து ஆட்களைத் தள்ளிக்கொண்டு போகிறாள் என்று முடிவுகட்டினேன்.

கூப்பிட்டே கேட்டேன். "உங்க பேஷண்ட்ஸ் எல்லாம் எங்கம்மா போறாங்க?"

"அதைத்தான் மேடம் ரெண்டு மீட்டிங்கா நானும் கேக்கறேன். சாயங்காலம் நான் நேரா வீட்டுக்குத்தான் போறேன். வெளியில யாரையும் பாக்கறதில்ல."

சாயங்காலத்தைப் பற்றி யார் கேட்டது? எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான். அவளைப் பணியிடை நீக்கம் செய்யப் பரிந்துரைத்து அன்றே கடிதம் அடித்தேன். ஆதாரமாகக் கடிதத்தோடு இணைக்க, நீக்கிய பெயர்களின் பட்டியலை வாங்கப் பதிவு மேசைக்குப் போனேன்.

எழுத்தர் போனில் கத்திக்கொண்டிருந்தார். "ஹலோ, ஆஸ்பத்திரிலேருந்து பேசறோம். திங்கக்கிழமை வர்றீங்களா? ஹலோ?" வைத்துவிட்டு, ஒரு பெயருக்கு எதிரே மூன்றாவது கோடு போட்டு, அந்தப் பெயரையே அடித்தார்.

"எடுக்கலையா?"

"எடுத்தாங்க மேடம், வாயே திறக்கல. இந்த லிஸ்ட் மொத்தமும் ஊமைக்கோட்டானுங்க. மூணு தடவை பதில் இல்லன்னா அடிச்சிடணும்னு நீங்கதானே சர்க்குலர் போட்டீங்க?"

"யார் நம்பருக்குப் பண்றீங்க?"

"பேஷண்ட் நம்பருக்குத்தான். ஃபாரத்துல அந்த ஒரு கட்டம்தானே இருக்கு?"

அந்தப் படிவமும் நான் தயாரித்ததுதான். வீட்டார் வேலைக்குப் போயிருக்கும் பகல் நேரத்தில், பேச்சு வராதவர்களிடம் பேச்சில் பதில் கேட்டிருக்கிறோம். ஏன் வரவில்லை, ஏன் வரவில்லை என்று மீட்டிங்கில் அவள் அரற்றியதை நடிப்பென்று நினைத்தேனே, வெட்கமாக இருந்தது. நல்லவேளை, கடிதத்தில் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

போனை வாங்கி அதே எண்ணுக்கு அடித்தேன். எடுத்தார்கள். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"பேச வேணாங்க. வர்றீங்கன்னா போன் மேல ஒரு தட்டு தட்டுங்க, போதும்."

பிறகு ஒரு தட்டு. நான் நேரம் சொல்வதற்குள் இன்னொன்று. அப்புறம் தட்டிக்கொண்டே இருந்தார்கள். இந்தத் தடவையும் நாங்கள் போனை வைத்துவிடுவோம் என்ற பயம்.

"வைக்க மாட்டேங்க, வைக்க மாட்டேன்" என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.