நகம் சிந்தாத நகவெட்டி

நாதன் அண்ணை நகவெட்டியைக் கையில் எடுத்தால் நான் என் அறைக்குள் போய் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவிடுவேன். சண்டை வரப்போகிறது என்று அர்த்தம். வெள்ளைக்கார நாட்டில், லின்ஃபீல்டில் அவரும் மனைவி ரதியக்காவும் இருந்த வீட்டின் பின்னறையில்தான் நான் வாடகைக்கு இருந்தேன். மரச்சுவர் வீடு. முன்னறையில் தும்மினால் பின்னறையில் இருந்து "நூறு வயசு" சொல்லலாம். அதனால் ரேடியோவால் பெரிய பலன் இருந்ததில்லை.

"எத்தினை தரம் சொல்லிப்போட்டன், வீட்டுக்குள்ள நகம் வெட்டாதேங்கோ எண்டு!" என்று ரதியக்கா தொடங்குவார்.

"வெளியில மழை கொட்டுது. குடையைப் பிடிச்சுக்கொண்டு வெட்டட்டோ?"

"நகம் விழுந்த வீடு விளங்காது."

"நகத்தில என்னப்பா கிடக்கு? நகம் வெறும் நகம்."

இவ்வளவுதான் சண்டை. அந்த "நகம் வெறும் நகம்" வந்தவுடன் ரதியக்காவின் வாய் அடைத்துவிடும். பிறகு ஐந்து மாத வயிற்றோடு முழங்காலில் இருந்து கார்ப்பெட்டைத் தடவுவார். முன்பு குடியிருந்த வெள்ளைக்காரர் விரித்துவிட்டுப் போன, புல்லுப்போல் நீட்டு மயிர் வைத்த மண்ணிறக் கார்ப்பெட் அது. அதற்குள் யானை விழுந்தாலும் தேடித்தான் எடுக்கவேண்டும். அகப்பட்ட துண்டுகளைக் கடதாசியில் மடித்துக்கொண்டுபோய் வெளியே குப்பை வாளியில் போட்டுவிட்டு வருவார்.

நான் மன்னார்ப் பக்கத்து வேதக்காரி, கிறிஸ்தவப் பெண். எங்களுக்கு நகத்துக்கு நாள் கிழமை கிடையாது. அத்தோடு என் தொழிலில் பாதி நகம் வெட்டுவதுதான். கிளென் ஈடனில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. குளிப்பாட்டி, உண்ணக்கொடுத்து, வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் வரிசையாக இருத்தி நகம் வெட்டிவிடுவோம். சைவக்காரர் யாராவது பார்த்தால் வாசலிலேயே மயங்கி விழுவார்கள். அப்படி வெட்டப்பட்ட வெள்ளைக்காரக் கிழவிகள் தொண்ணூறு தாண்டியும் கல்லுக்குண்டுபோல் இருந்தார்கள்.

துஷி உயிரோடு இருந்திருந்தால் இதையெல்லாம் நான் கடைசிவரை பகிடியாகவே சொல்லியிருப்பேன். அவர்களுடைய ஒரே பிள்ளை, ஆறு வயது. முந்தின வருடம், எண்பத்தாறாம் ஆண்டு குளிர்காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காய்ச்சலோடு எழும்பியது. மூளைக்காய்ச்சல் என்றார்கள். ஆஸ்பத்திரியில் செய்யக்கூடியதெல்லாம் செய்தார்கள். செவ்வாய்க்கிழமை பிள்ளை இல்லை. மேர்சி என்று சொல்ல வராமல் என்னை "மேசி அன்ரி" என்று கூப்பிட்டு, என் சப்பாத்துகளைப் போட்டுக்கொண்டு வீடு முழுக்கத் தட்டித் திரிந்த பிள்ளை.

இனிப் பிள்ளையே வேண்டாம் என்றிருந்த ரதியக்காவுக்கு அடுத்த கோடை முடியும்போது மறுபடி வயிற்றில் தங்கியது. சந்தோஷப்பட்டாரா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. சாப்பிட்டார், நடந்தார், டொக்டரிடம் போனார். ஆனால் ஒரு சின்னச் சட்டை தைக்கவில்லை, ஒரு பெயர் யோசிக்கவில்லை.

ஒருநாள் பின்வளவுக் கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றபோது தானாகவே சொன்னார்.

"மேர்சி, துஷிக்கு நகம் வெட்டினது நான்தான்."

எனக்கு விளங்கவில்லை.

"காய்ச்சல் வர முதல், அந்த வெள்ளிக்கிழமை. விளக்கு வைச்சாப்பிறகு. திங்கக்கிழமை பள்ளிக்கூடத்தில போட்டோ எடுக்கிறது. நகத்துக்குள்ள எல்லாம் பெயின்ற். வெள்ளியும் அதுவுமா வெட்டக்கூடாதெண்டுதான் முதல் யோசிச்சனான். அவர்தான் பகிடி பண்ணினவர், வெள்ளிக்கிழமை எண்டு நகத்துக்குத் தெரியுமோ எண்டு. முன்னறையில இருத்திவைச்சு வெட்டினனான். எல்லாம் அந்தக் கார்ப்பெட்டுக்குள்ளதான் விழுந்தது."

"அக்கா, உங்களுக்கென்ன விசரே? அது கிருமியால வந்த வருத்தம். அந்த மாசம் இந்த ஊரில எத்தினை பிள்ளையளுக்கு வந்தது. அதுகள் எல்லாம் வெள்ளிக்கிழமை நகம் வெட்டின பிள்ளையளே?"

"டொக்டரும் இதைத்தான் சொன்னவர். கேக்கேக்கை சரியாத்தான் இருக்கும். பிறகு நெஞ்சில நிக்காது." ஈரத் துவாயை உதறிக் கொடியில் போட்டார். "அவர் சொல்லேக்கை மட்டும்தான் கொஞ்சம் ஆறும். துஷியின்ர அப்பா எல்லோ. என்னில பிழை பிடிக்கிறதெண்டால் அவர்தான் பிடிக்கவேணும். அவரே நகம் வெறும் நகம் எண்டு சொல்லேக்கை, அப்ப நான் ஒண்டும் செய்யேல்லை எண்டு இருக்கும். இதையும் பெத்து வளக்கலாம் எண்டு இருக்கும்."

வயிற்றில் கையை வைத்துக்கொண்டு சொன்னார். அன்றைக்கு நான் நிறையப் புத்தி சொன்னேன். என்ன சொன்னேன் என்பது எனக்கே நினைவில்லை. அவரும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கமாட்டார்.

நாதன் அண்ணை, முழுப்பெயர் கதிர்காமநாதன், நியூ லின் பக்கம் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் அச்சுச் செய்கிறவர். வாளி, மூடி, ஐஸ்கிறீம் பெட்டி எல்லாவற்றுக்கும் உருக்கிலே அச்சு வெட்டுவார். தலைமயிர்ப் பருமன் பிழைத்தாலும் மூடி பூட்டாது என்று பெருமையாகச் சொல்லுவார். அதிகம் கதைக்காத மனிதன். துஷி போன பிறகு அந்தக் கொஞ்சக் கதையும் குறைந்தது. நகச் சண்டையில்தான் அவருடைய குரலை நான் ஒழுங்காகக் கேட்டேன் என்று சொல்லவேண்டும்.

ஒரு சனிக்கிழமை காலையில் என்னைக் கராஜுக்குள் கூப்பிட்டார். மேசையில் ஒரு சாதாரண நகவெட்டி. அதன் இரண்டு பக்கத்திலும் ஐஸ்கிறீம் பெட்டி மூடியில் வெட்டிய துண்டுகள் ஒட்டப்பட்டிருந்தன.

"நகம் ஏன் பறக்குது தெரியுமே, மேர்சி?" என்று கேட்டார். "வெட்டுப்பட முதல் அது வில்லுப்போல வளையுது. வெட்டுப்பட்ட உடன நிமிருது. பக்கத்தில ரெண்டு பக்கமும் வெளிதானே, அதால பாயுது. அந்த ரெண்டு வாசலையும் அடைச்சால் உள்ளுக்கையே கிடக்கும்."

"ஆருக்கு இது?"

"ரதிக்குச் சொல்லிப்போடாதேயும்."

அன்றிலிருந்து பரிசோதனைக்கு ஆள் நான். முதல் செய்ததை முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோனேன். எங்கள் பழைய ரயில்வேக்காரர் ஒருவரின் பெருவிரல் நகம் தேங்காய்ச் சிரட்டைபோல. ஒரு வெட்டில் நகமும் பறந்தது, அண்ணையின் மூடித்துண்டும் பறந்தது. அடுத்ததைக் கண்ணாடிபோன்ற கெட்டிப் பிளாஸ்ரிக்கில் செய்தார். அது வெடித்தது. அதற்கடுத்தது நன்றாகப் பிடித்தது, ஆனால் வலது கை நகத்தை வெட்டும்போது நகவெட்டியைக் கவிழ்த்துத்தானே பிடிக்கிறோம். பிடித்ததெல்லாம் முன்வாயால் கொட்டியது. ஒரு மாதம் யோசித்து உள்ளே ஒரு சின்ன விளிம்பு வைத்தார். உள்ளே போன நகம் திரும்பி வராது, மீன் கூட்டுக்குள் போன மீன் வராததுபோல. பின்பக்கம் ஒரு குட்டிக் கதவு. அதைப் பெருவிரலால் தள்ளினால் எல்லாம் கொட்டுப்படும். உள்ளே கிடப்பது தெரியவேண்டும் என்று ஒளி ஊடுருவுகிற பிளாஸ்ரிக்காகத் தேடி எடுத்திருந்தார்.

"நீங்கள்தான் இதொண்டையும் நம்பமாட்டியளே. பிறகேன் இந்தப் பாடு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அவ வயித்தோட குனிஞ்சு நிலத்தைத் தடவுறதைப் பாக்கேலாமக் கிடக்கு," என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு புருஷன் கிடைத்தால் நானும் கார்ப்பெட் தடவுவேன் என்று மனதுக்குள் நினைத்தேன். அந்த நேரம் பரிசோதனைக்கு வெட்டிய அவருடைய சின்னவிரல் நகம் ஒன்று தெறித்து சீமெந்து நிலத்தில் விழுந்தது. அவர் ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு மேசைக்குக் கீழே புகுந்தார்.

"அண்ணை, கராஜ் வீட்டுக்குள்ளையோ வெளியாலையோ?" என்று பகிடி விட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. அந்தத் துண்டு அகப்படும்வரை வெளியே வரவும் இல்லை.

நகவெட்டி சரியாக வந்தபோது ரதியக்காவுக்கு எட்டாம் மாதம். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் மழை. சாப்பாடு முடிந்து மூவரும் முன்னறையில் இருந்தோம். நாதன் அண்ணை சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து நகம் வெட்டத் தொடங்கினார்.

"இந்தா, தொடங்கியாச்சு," என்றார் ரதியக்கா.

"பொறும். பாரும்."

இரண்டு கையும் வெட்டி முடித்தார். ஒரு துண்டு வெளியே வரவில்லை. ரதியக்கா எழும்பி வந்து கார்ப்பெட்டைப் பார்த்தார். பிறகு அந்தச் சின்னப் பெட்டியைப் பார்த்தார். உள்ளே நகங்கள் குவிந்து கிடந்தது வெளியே நன்றாகத் தெரிந்தது.

"உங்கட வேலையே?" என்று கேட்டார். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நான் கண்ட சிரிப்பு. அத்தோடு அந்த மனிதன் வாயை மூடியிருந்தால் போதும். கதைக்காத மனிதன் அன்றைக்கென்று கதைத்தார்.

"இனி வெள்ளியெண்டால் என்ன, விளக்கு வைச்ச பிறகெண்டால் என்ன, பயமில்லாமல் வெட்டலாம். பிள்ளைக்கும் வெட்டலாம்."

ரதியக்காவின் சிரிப்பு அப்படியே நின்றது.

"ஆருக்குப் பயம்?" என்று கேட்டார்.

"உமக்குத்தான். வேற ஆருக்கு?"

"உங்களுக்கில்லையே?"

"எனக்கென்ன பயம்? நகம் வெறும் நகம்."

"அப்ப கொட்டுங்கோ."

"என்ன?"

"உதுக்குள்ள கிடக்கிறதை இந்தக் கார்ப்பெட்டில கொட்டுங்கோ. நான் பொறுக்கமாட்டன். கிடக்கட்டும்."

நாதன் அண்ணை சிரித்தார். "விசர்க் கதை கதையாதேயும். இவ்வளவு மினக்கெட்டுச் செய்தது கொட்டுறதுக்கே?"

"ஒண்டும் இல்லாத ஒண்டுக்கு ஆரும் இவ்வளவு நாள் மினக்கெடுவினமே?" ரதியக்கா சத்தம் போடவில்லை. வழக்கமான சண்டைக் குரல் இல்லை அது. கெஞ்சுகிற குரல். "ஒருக்கால் கொட்டுங்கோ அப்பா. எனக்காக."

அவர் நகவெட்டியைக் கார்ப்பெட்டுக்கு மேலே நீட்டினார். பெருவிரலை அந்தக் குட்டிக் கதவில் வைத்தார். கொட்டு மனிசா, கொட்டித் துலை என்று எனக்குள் நான் கத்திக்கொண்டிருந்தேன். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகப் போகிறது என்று அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. தள்ளினால் போதும். பத்துப் பதினைந்து நகத்துண்டு. பிறகு நானே பொறுக்கிவிடுவேன்.

அவருடைய கண் ரதியக்காவின் வயிற்றுக்குப் போனது. அங்கேயே நின்றது. பெருவிரல் அசையவில்லை.

"ஏன் வீணா ஊத்தையாக்குவான்," என்றார் கடைசியில். "நான் வெளியில கொட்டிப்போட்டு வாறன்."

செருப்புக்கூடப் போடாமல் பின்கதவைத் திறந்து மழைக்குள் போனார். ரதியக்கா யன்னலடிக்குப் போய் நின்றார். நானும் பக்கத்தில் போய் நின்றேன். நாதன் அண்ணை வளவின் கடைசித் தொங்கலுக்குப் போய், வேலிக்கு அப்பால் கையை நீட்டிக் கொட்டினார். நகவெட்டியை விரலால் தட்டினார். தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திரும்பவும் தட்டினார். தலையிலும் முதுகிலும் மழை ஊற்றியது. அவருக்கு அது தெரிந்ததாகவே இல்லை.

"ஒண்டும் மிஞ்சக்கூடாதெண்டு பாக்கிறார்," என்றார் ரதியக்கா.

"அக்கா, உங்களுக்காகத்தான் அவர்..."

"என்னில பிழை இல்லையெண்டு சொல்லி நான் நம்பினது இவர் ஒராளைத்தான், மேர்சி." யன்னல் சட்டத்திலிருந்து கையை எடுத்து வயிற்றில் வைத்தார். "அப்ப நான்தான். என்ர பிள்ளையை நான்தான்."

கிருமி என்று சொல்ல வாயெடுத்தேன். ரதியக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.