மச்சான் என்றொரு வசனம்

கார்கள் பறக்கும் அந்தப் படவரிசை எதைப் பற்றியது என்று யார் கேட்டாலும் டைரக்டரிடம் ஒரே பதில்தான்: “குடும்பத்தைப் பத்தி.” முதல் பாகத்தில் வங்கியைக் கொள்ளையடித்தார்கள். மூன்றாம் பாகத்தில் ரயிலைத் துரத்தினார்கள். ஆறாம் பாகத்தில் விமானத்தின் வயிற்றிலிருந்து காரோடு குதித்தார்கள். எல்லாம் குடும்பத்துக்காகத்தானாம். கேட்டவர்களும் தலையை ஆட்டி எழுதிக்கொண்டு போனார்கள். குடும்பம் என்று ஒன்று இருக்கிறவன் நூறு கிலோமீட்டர் வேகத்தில் சுவரைப் பார்த்து வண்டி விடுவானா என்று ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை.

வெல்டரைக் கேட்டால், “டயரைப் பத்தி” என்பான். ஒரு பாகத்துக்கு நானூறு டயர் தேய்வதைக் கண்ணால் பார்த்தவன் அவன். நொறுங்கப்போகிற கார்களுக்குள் இரும்புக் குழாய்களை வளைத்துப் பற்றவைத்துக் கூண்டு கட்டுவது அவன் வேலை. கூண்டு சரியாக இருந்தால் கார் சப்பையாகப் போனாலும் உள்ளே இருப்பவன் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு இறங்கி வருவான். உள்ளே இருப்பவன் யாரோ அல்ல, அவனுடைய தங்கை புருஷன். கதாநாயகனின் முகம் தெரியாத இடங்களில் எல்லாம் அவனுக்குப் பதிலாகக் கார் ஓட்டுகிறவன். படப்பிடிப்பில் எல்லோருக்கும் அவன் ‘டூப்பு’.

டூப்பை இந்த வேலைக்குக் கொண்டுவந்ததே வெல்டர்தான். ஆள் நல்லவனாக இருக்கிறானே என்று தங்கைக்குப் பேசி முடித்ததும் அவன்தான். “எத்தனையோ காரைக் கவுத்திருக்கேன், என்னைக் கவுத்தது இந்த மச்சான் ஒருத்தர்தான்” என்று கல்யாணத்தன்றே டூப்பு எல்லோர் முன்னாலும் சொல்லி, மணப்பெண்ணிடம் கையில் கிள்ளு வாங்கினான். அவனுக்கு வாய் ஓயாது. தூக்கத்திலும் பேசுவான் என்று தங்கை சொல்வாள்.

படம் ஓட ஓட, திரையில் இருந்த குடும்பம் வெளியிலும் இறங்கிவிட்டது. மூன்றாம் பாகத்துக்குப் பிறகு யாரும் யாரையும் ‘சார்’ என்று கூப்பிடக்கூடாது என்று கம்பெனி உத்தரவு. விளக்குத் தூக்குகிறவர் டைரக்டரை ‘அண்ணா’ என்றார். கணக்குப் பார்க்கும் அம்மாள் எல்லோருக்கும் ‘அத்தை’ ஆனாள். உள்ளே வருவதற்கான அனுமதிச் சீட்டின் பெயரே ‘குடும்ப பாஸ்’. படத்திலோ கேட்கவே வேண்டாம், கதாநாயகனும் அவன் கூட்டாளியும் மூச்சுக்கு மூச்சு ‘மச்சான், மச்சான்’தான். ஐந்தாம் பாகத்தில் அந்தச் சொல் நூற்றிருபது தடவை வருகிறது என்று யாரோ வேலை இல்லாதவர் எண்ணிப் போட்டிருந்தார். உறவுமுறை இப்படி மலிந்து கிடப்பதைப் பார்த்து வெல்டரும் டூப்பும் சேர்ந்து சிரிப்பார்கள். அங்கே நிஜமான மச்சானும் மாப்பிள்ளையும் அவர்கள் இருவர்தானே.

வெல்டருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. கார் கைமீறிப் போனால் எஞ்சினை வெளியிலிருந்தே அணைக்க ஒரு சின்னப் பெட்டி உண்டு. அதில் ஒரு சிவப்புப் பொத்தான். காருக்குள்ளும் அணைக்க வழி இருந்தது, ஆனால் கழுத்துப் பட்டையும் நான்கு வார்களும் மாட்டி, தலையில் கதாநாயகனின் டோப்பாவும் வைத்து உட்கார்ந்திருப்பவன், வண்டி சீறும்போது ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை எடுப்பது நடக்கிற காரியமில்லை. அதனால் பொத்தான் வெளியே, நம்பிக்கையான ஆள் கையில். உயிரைக் கொடுத்துவைக்க மச்சானைவிட நம்பிக்கையான ஆள் யார்?

நான்காம் பாகத்தில் அந்தப் பொத்தானால் ஒரு கலவரம் நடந்தது. டூப்புக்கு ஒரு கெட்ட பழக்கம், கார் ஓட்டும்போது கதாநாயகனின் வசனத்தை அவனும் சேர்ந்து கத்துவான். ஒரு நாள் வயர்லெஸ்ஸில் “நிறுத்து! நிறுத்து!” என்று அலறினான். வெல்டர் பதறிப்போய்ப் பொத்தானை அழுத்தினான். கார் பாலத்தின் நடுவே செத்துப்போய் நின்றது. எட்டு கேமராக்களும் அதைப் படம்பிடித்தன. பார்த்தால், ‘நிறுத்து’ என்பது அன்றைய வசனம்! ஒரு நாள் வேலை பாழ். சண்டைப் பயிற்சி மாஸ்டர் வெல்டரை ஊர் பார்க்கத் திட்டித் தீர்த்தார். கடைசியில் ஒரு விதி செய்தார்: நிஜமான ஆபத்து என்றால் ஓட்டுகிறவன் ‘குடை’ என்று சொல்ல வேண்டும். எந்த வசனத்திலும் வராத சொல். ‘குடை’ காதில் விழாமல் பொத்தானில் விரல் படக்கூடாது.

“மழை பெஞ்சா மட்டும் கூப்பிடறேன் மச்சான்” என்றான் டூப்பு. மூன்று பாகங்களாக ‘குடை’க்குத் தேவையே வரவில்லை.

ஏழாம் பாகத்தின் கடைசிச் சண்டையை ஒரு மூடிக்கிடந்த சிமெண்ட் ஆலையில் எடுத்தார்கள். பகல் பதினொரு மணி, கண் கூசும் வெயில். கார் நீண்ட சாலையில் ஓடிவந்து சாய்வுமேடையில் ஏறி, ஒரு லாரியைத் தாண்டி, அந்தப் பக்கம் மலைபோல் குவித்த அட்டைப்பெட்டிகளில் விழ வேண்டும். பெட்டிகளுக்குப் பின்னால் ஆலையின் சுவர். வேகம் தொண்ணூறு. அதற்கு மேல் போனால் கார் பெட்டிகளையும் தாண்டிவிடும். வசனம் ஒரே வரி: “மச்சான், இறுக்கிப் பிடிச்சுக்கோ, பறக்கப் போறோம்!” காலையிலிருந்து ஒத்திகை ஓடிய ஐந்து தடவையும் டூப்பு அதை வயர்லெஸ்ஸில் ஐந்து விதமாகக் கத்தி எல்லோரையும் சிரிக்க வைத்திருந்தான். ஒரு தடவை கிழவன் குரல், ஒரு தடவை அழுகிற குரல்.

கார் கிளம்பியது. பாதித் தூரத்தில் எஞ்சின் சத்தம் ஒரு படி ஏறியது. ஆக்ஸிலேட்டர் மிதித்த இடத்திலேயே சிக்கிக்கொண்டிருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

“மச்சான்!” என்றது வயர்லெஸ்.

வெல்டர் சிரித்தான். ஆரம்பிச்சிட்டான்யா என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னான்.

“மச்சான்!”

இந்தத் தடவை பயந்த குரல் போலிருக்கிறது என்று நினைத்தான். நன்றாகத்தான் செய்கிறான் என்றும் நினைத்தான்.

“மச்சான்! மச்சான்!”

விரல் பொத்தானுக்கு மேல் அரை அங்குலத்தில் நின்றது. அது ‘குடை’க்காகக் காத்திருந்தது. கார் மேடையில் ஏறியது, லாரியைத் தாண்டியது, பெட்டிகளையும் தாண்டியது. விதி செய்த மாஸ்டருக்கோ அதைக் கட்டிக்காத்த வெல்டருக்கோ தெரியாத ஒன்று அந்த நான்கு விநாடியில் நடந்துவிட்டது. சாவு எதிரே வரும்போது எவனுக்கும் குடை ஞாபகம் வராது. ஆள்தான் ஞாபகம் வரும்.

கூண்டில் ஒரு குழாய்கூட வளையவில்லை. வெல்டர் கட்டியது அல்லவா? ஆனால் அந்த வேகத்தில் சுவரில் மோதி நின்ற காருக்குள், கூண்டு நின்றாலும் கழுத்து நிற்பதில்லை. ஆம்புலன்ஸுக்கு வேலையில்லாமல் போயிற்று.

தகவல் கேட்டுத் தங்கை வீட்டுச் செருப்போடு ஓடிவந்தாள். வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தான். “குடும்பத்தைத் தவிர யாரையும் உள்ள விடக்கூடாதும்மா. பாஸ் இருக்கா?” அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். வெல்டர் போய்த்தான் அழைத்துவர வேண்டியிருந்தது.

மறுநாள் கம்பெனி மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். ‘ஓட்டுநர் ஒப்புக்கொண்ட எச்சரிக்கைச் சொல்லைச் சொல்லவில்லை. எனவே கருவியை இயக்குபவர் மீது தவறில்லை.’ ஒவ்வொரு எழுத்தும் உண்மை. “யானைக்கும் அடி சறுக்கும்ப்பா. உன் மேல ஒரு குத்தமும் இல்ல. கையெழுத்துப் போட்டுட்டுப் போய் தங்கச்சியப் பாரு” என்றார். வெல்டர் போட்டான். போடும்போது அவனுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது, அதை நினைத்துப் பின்னால் எத்தனையோ நாள் தன்னைத்தானே காறித் துப்பிக்கொண்டான்.

தங்கை அன்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “கடைசியா என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லலம்மா. அதுக்கு நேரமே இல்ல.”

“அவரா? ஒண்ணும் சொல்லலையா?”

“இல்ல.”

அவள் நம்பினாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. அதன்பின் ஐந்து மாதம் தினமும் வேலை முடிந்து அவள் வீட்டுக்குப் போனான். குழாய் ஒழுகினால் சரிசெய்தான், கதவு கிறீச்சிட்டால் எண்ணெய் விட்டான். அவளுக்கு இனி அண்ணனை விட்டால் ஆளில்லை. அண்ணனுக்கும் அவளை விட்டால் யாருமில்லை. அந்த ஒரு பொய்யின் மேல்தான் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஒரு சொல்லைத்தானே மறைக்கிறோம், மறைத்துவிடலாம் என்று இருந்தான்.

ஐந்தாம் மாதம் மேனேஜர் தொலைபேசியில் கூப்பிட்டார். குரலில் ஒரே உருக்கம்.

“ஒரு நல்ல சேதிப்பா. அந்த ஷாட்டைப் படத்துல வெச்சிட்டோம். மோதறதுக்கு முன்னாலயே வெட்டிட்டோம், பயப்படாத. ஆனா குரல் இருக்கு பாரு, அந்த மச்சான், மச்சான்… நம்ம ஹீரோ பத்து தடவை பேசிப் பாத்தாரு, அது வரல. அதனால மாப்பிள்ளையோட குரலையே போட்டுட்டோம். தியேட்டரே அதிரப்போகுது. அவருக்கு இதவிட என்ன மரியாதை செய்ய முடியும்? படம் ஆரம்பிக்கும்போது ‘எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கு’ன்னு பேரும் போடறோம்.”

“வேணாம்ணா” என்றான் வெல்டர். “அத எடுத்துடுங்க. அது வசனம் இல்ல.”

“தெரியும்ப்பா” என்றார் மேனேஜர். “அதனாலதான் அவ்வளவு நல்லா இருக்கு.”

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பது இதுதான். குரல் கம்பெனிக்குச் சொந்தம் என்று டூப்பு எப்போதோ போட்ட கையெழுத்தும் அவர்களிடம் இருந்தது. வெல்டர் கெஞ்சிப் பார்த்தான், கத்திப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை. வெள்ளிக்கிழமை படம் வருகிறது. தங்கை தியேட்டர் பக்கம் போகாவிட்டாலும் தெருவில் போகிறவன் எவனாவது கைபேசியில் அந்தக் குரலை அலறவிடுவான். பெற்ற தாய்க்குத் தெரிவதைப்போல அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். முன்பின் தெரியாதவன் கையிலிருந்து அவள் அதைக் கேட்பதைவிடத் தன் வாயால் சொல்லிவிடுவதென்று வியாழக்கிழமை மாலை போனான்.

அவள் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவன் நின்றுகொண்டே சொன்னான், உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று தோன்றியது. ஆக்ஸிலேட்டர் சிக்கியதைச் சொன்னான். பொத்தானைச் சொன்னான், குடையைச் சொன்னான். அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றது பொய் என்றான். “மச்சான்னு கூப்பிட்டாரும்மா. நான் வசனம்னு நினைச்சிட்டேன். எப்பவும் போல விளையாடறாருன்னு… நான் சிரிச்சேன்மா.”

அவன் அழுதுவிட்டான். அவள் அழவில்லை. மடித்த துணியைப் பிரித்து, மறுபடி மடித்தாள்.

“அந்த வசனம் எனக்கும் தெரியும்” என்றாள். “ரெண்டு வாரமா குளிக்கும்போதெல்லாம் அதத்தான் கத்திக்கிட்டிருந்தாரு. ‘மச்சான், இறுக்கிப் பிடிச்சுக்கோ, பறக்கப் போறோம்.’ சரிதானே?”

“சரிதான்.”

“அதுல மச்சான் எத்தன தடவ வருது?”

அவள் பேச்சு எங்கே போகிறது என்று அவனுக்குப் புரிந்தது. ஐந்து மாதமாக அவன் போகாமல் சுற்றிக்கொண்டிருந்த இடம் அது.

“ஒரு தடவ.”

“அவரு எத்தன தடவ கூப்பிட்டாரு?”

“நாலு.”

துணியை ஓரமாக வைத்துவிட்டு அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் கேட்பதைப்போலத்தான் கேட்டாள்.

“மொத தடவ வசனம்னே வெச்சுக்குவோம். மிச்சம் மூணு தடவையும் யாரக் கூப்பிட்டாரு, அண்ணா?”

“என்னத்தான்” என்றான் வெல்டர்.