ஒரு குறிப்புக்கு ஒன்பது மாதம்

மௌனமாக உட்கார்ந்தே வழிபடுகிற கிறிஸ்தவப் பிரிவு குவேக்கர்கள். ஹார்க்ளிஃப் ஊர் குவேக்கர் சபைக்கு ரோஸ்லின்தான் எழுத்தர். எழுத்தர் என்றால் கடிதம் எழுதிப் போடுகிற லேசான வேலை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பாதிரியாரும் கிடையாது, ஓட்டெடுப்பும் கிடையாது. மாதத்துக்கு ஒருமுறை, ஞாயிறு வழிபாடு முடிந்ததும் கூட்டம் போட்டு, பதினேழு பேர் மனசும் எந்தப் பக்கம் சாய்கிறது என்று மோப்பம் பிடித்து, அங்கேயே உட்கார்ந்து குறிப்பு எழுதி, உரக்க வாசிக்க வேண்டும். "அப்படித்தான்னு நம்புறேன்" என்று எல்லாரும் முணுமுணுத்தால் தீர்மானம். ஒருவர் நெளிந்தாலும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிடுவார்கள். எழுத்தருக்கென்று ஒரு அபிப்பிராயம் இருந்தால் அதை அவள் மென்று விழுங்க வேண்டியதுதான்.

ஒன்பது மாதமாக ரோஸ்லின் விழுங்கிக்கொண்டிருந்தாள். அலுத்துப்போயிருந்தாள். அறுபத்தெட்டு வயசுக்கு உரிய அலுப்பு அல்ல, அதற்கு மேலே.

அன்று கூட்டத்துக்கு முன்னால் சமையலறையில் நீனா லாஸ்கி சூப்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். யூதக் குடும்பத்துப் பெண். இருபத்திரண்டு வருடமாக இந்தச் சபையில்தான் இருக்கிறாள்.

"இன்னைக்காவது எழுதுவீங்களா?" என்றாள் நீனா, கரண்டியை நிறுத்தாமல்.

"என் கையில என்ன இருக்கு, சொல்லு? எல்லாரும் ஒத்து வரணுமே."

"ஆமா, தெரியும். ரோஸ்லின், இன்னைக்கும் இல்லன்னா நான் இனிமே வரமாட்டேன். கோவத்துல சொல்லல. கோவமெல்லாம் போன குளிர்காலத்தோட தீர்ந்துபோச்சு. முடியலம்மா, அவ்வளவுதான்."

விஷயம் இதுதான். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல எல்லாரும் வட்டமாக மௌனத்தில் உட்கார்ந்திருந்தபோது சபையின் மூத்த உறுப்பினர் கிளிஃபோர்ட் பேஸ் எழுந்தார். உள்ளே உந்துதல் வந்தவர் யாரும் எழுந்து பேசலாம். அவர் உலகத்துப் போர்களைப் பற்றிப் பேசினார். பேசிக்கொண்டே வந்து, "எந்தச் சண்டையா இருந்தாலும் பின்னால அதே கூட்டந்தான். பணம் அவங்களது, பத்திரிகை அவங்களது. சாவுறது மட்டும் மத்தவங்க பிள்ளைங்க. யாரச் சொல்றேன்னு உங்களுக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

எல்லாருக்கும் தெரிந்தது. யாரும் வாய் திறக்கவில்லை. மௌனத்தில் ஒருவர் சொன்னதற்கு இன்னொருவர் எதிர்ப்பேச்சு பேசக் கூடாது என்பது முந்நூற்றைம்பது வருடத்துப் பழக்கம். பழக்கத்தைக் காப்பாற்றினார்கள். நீனா இருபது நிமிடம் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் கேட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. அன்று சொல்லப்பட்டது யூத வெறுப்பு, அதைக் கேட்டுக்கொண்டு நாம் சும்மா இருந்தோம், அது தப்பு. இதை எழுதுங்கள். அவ்வளவுதான். அடேயப்பா, அதற்கு என்னென்ன நடந்தது! வாசிப்புக் குழு வைத்தார்கள். வெளியூரிலிருந்து ஒருவரை வரவழைத்துப் பேச வைத்தார்கள். பாலஸ்தீனத்தைப் பற்றி இரண்டு மாதம் பேசினார்கள். பாலஸ்தீனத்துக்காக இதே சபையில் முதலில் எழுந்து அழுதவள் தான்தான் என்று நீனா நினைவுபடுத்தியும் விடவில்லை. 'வெறுப்பு' என்ற சொல் கடுமையா, 'காயம்' போதுமா என்று இரண்டு மாதம். நல்ல மனிதர்கள் ஒரு விஷயத்தை ஆறப்போட ஆரம்பித்தால் கெட்டவர்களால் அவர்களை எட்டிப் பிடிக்க முடியாது. பிறகு கிளிஃபோர்ட் படுக்கையில் விழுந்தார். நோயாளியைப் போய் எப்படி என்றார்கள். மூன்று வாரத்துக்கு முன்னால் இறந்தும் போனார்.

ஆகவே இன்றைய கூட்டத்தின் முதல் விஷயம் கிளிஃபோர்டுக்கு அஞ்சலிக் குறிப்பு. இளம் வயதில் பட்டாளத்துக்குப் போக மறுத்துச் சிறைக்குப் போனவர். அகதிகளுக்குத் தன் வீட்டு மாடியைப் பல வருடம் விட்டுக்கொடுத்தவர். எல்லாம் நிஜம். ரோஸ்லின் எழுதினாள், வாசித்தாள். "அப்படித்தான்னு நம்புறேன்" என்று அறை முழுக்க முணுமுணுப்பு எழுந்தது. நீனாவின் வாய் மட்டும் அசையவில்லை, ஆனால் அவள் தடுக்கவும் இல்லை. மொத்தம் பதினோரு நிமிடம்.

"அடுத்தது, நீனா கேட்டிருந்த குறிப்பு" என்றாள் ரோஸ்லின்.

ஜெரால்ட் த்வெயிட் தொண்டையைச் செருமினார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். "செத்தவர் வந்து பதில் சொல்ல முடியாது. இப்பத்தான் அவரப் பத்தி நல்லதா எழுதினோம். அதே தாள்ல அடுத்த வரியில இதுவா? கொஞ்ச நாள் போகட்டுமே."

"நீனாவோட வலி நமக்குப் புரியாம இல்ல" என்றாள் மியூரியல் ஹாய்ல், மிக இதமாக. "அந்த வலிய நாம மனசுல ஏந்திக்கிட்டிருக்கோம்னு எழுதலாமே. அழகா இருக்கும்."

நீனா எழுந்தாள். நாற்காலி முதுகில் கிடந்த கோட்டை எடுத்தாள். யாரையும் முறைக்கவில்லை, கதவை அறையவும் இல்லை. மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள். கூட்டம் அதற்கும் மௌனமாக இருந்தது.

ரோஸ்லின் பேனாவைத் துணை எழுத்தர் இட்ரிஸ் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து, மேஜையைச் சுற்றி வந்து, நீனா விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுத்தருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மேஜையை விட்டு இறங்கித்தான் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வருடத்தில் அவள் இறங்கியது இதுதான் முதல் தடவை. உட்கார்ந்தவள் உடனே எழுந்து பேசினாள்.

"அன்னைக்கு வழிபாட்ட முடிச்சு வைக்கிற முறை என்னோடது. பேச்சு தப்பாப் போனா எழுந்து நிறுத்தற பொறுப்பும் எனக்குத்தான். நான் நிறுத்தல. நேரம் ஆனதும் பக்கத்துல இருந்தவர் கையப் பிடிச்சுக் குலுக்கினேன், எப்பவும் முடிக்கற மாதிரி. பக்கத்துல இருந்தது கிளிஃபோர்ட்."

யாரோ மூச்சை இழுத்தார்கள்.

"அவர் சொன்னதுக்கு நம்ம எல்லார் சார்பாவும் நான் கை கொடுத்தேன். அதத்தான் நீனா பார்த்தா. ஒன்பது மாசமா வார்த்தை தேடறோம் தேடறோம்னு முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சுக்கிட்டிருக்கோம். அவர் சொன்னது யூத வெறுப்பு. எனக்கு அவரப் பிடிக்கும். இப்பவும் பிடிக்கும், ஜெரால்ட். அதனாலதான் என்னால எழுத முடியல. உள்ளேர்ந்து வெளிச்சம் வரல, கடவுள் இன்னும் வழி காட்டலன்னு சொன்னதெல்லாம் சும்மா."

உட்கார்ந்தாள். நீண்ட மௌனம். ஆனால் இந்தத் தடவை யாரும் அதற்குள் ஒளிந்துகொள்ளவில்லை. மியூரியல் அழுதுகொண்டிருந்தாள்.

கடைசியில் ஜெரால்ட் சொன்னார்: "எனக்கு இன்னும் முழுசா மனசு ஒப்பல. ஆனா குறுக்க நிக்க மாட்டேன்."

இட்ரிஸ் எழுதினான். நாலே வரி. கிளிஃபோர்டின் பெயர், அவர் சொன்னது என்ன, அது யூத வெறுப்பு, நாங்கள் வாயை மூடிக்கொண்டு அதற்குக் கை குலுக்கினோம், அது எங்கள் பாவம். வாசித்தான். "அப்படித்தான்னு நம்புறேன்" என்ற குரல்கள் வந்தன, சில உடைந்த குரல்கள்.

குறிப்புப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ரோஸ்லின் ஓடினாள். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. நீனா பஸ் நிறுத்தத்தில் தனியாக நின்றிருந்தாள். மூச்சு வாங்கியபடி ரோஸ்லின் புத்தகத்தை நீட்டினாள். நீனா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசித்தாள். இரண்டாவது தடவையும் வாசித்தாள்.

"நல்லா எழுதியிருக்கீங்க. ஒரு சொல்லக்கூட மாத்த வேண்டாம்."

ரோஸ்லினுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. "அப்போ உள்ள வா. எல்லாரும் உனக்காகத்தான் உட்கார்ந்திருக்காங்க."

"நான் எழுந்து வந்து எவ்வளவு நேரம் இருக்கும்?"

"கால் மணி. இருபது நிமிஷம்."

நீனா புத்தகத்தை மூடி, நனையாமல் தன் கையால் மறைத்து அவளிடம் கொடுத்தாள்.

"ஒன்பது மாசம் அந்த அறையில உங்க கண்ணு முன்னாலயே உட்கார்ந்திருந்தேன், ரோஸ்லின். அப்போ வரல. நான் இல்லாத ரூம்லதான் உங்களால இத எழுத முடிஞ்சிருக்கு."

பஸ் வந்து நின்றது. நீனா ஏறி, ஜன்னலோரமாக இடம் பார்த்து உட்கார்ந்தாள்.