தோரோங் லாவில் ஆறாம் நாள்

“பசியாறினீங்களா?”

“ஆச்சு மதி.”

“என்ன சாப்பிட்டீங்க?”

“ஆப்பிள். மனாங் ஆப்பிள் சின்னதா இருக்கு, ஆனா என்னா இனிப்பு தெரியுமா. அப்புறம் சூடா ஒரு கப் பால்.”

“சோறு?”

“இந்த உயரத்துல யாருக்குமே சோறு இறங்கலலா. டேவிட் நேத்து முழுக்க பிஸ்கட்டுலயே ஓட்டினான்.”

“தண்ணி குடிக்கிறீங்களா?”

“குடிச்சுக்கிட்டேதான் இருக்கேன், பார்மசிஸ்ட் அம்மா. பாதி நேரம் நடக்கிறேன், மீதி நேரம் பாறைக்குப் பின்னாடி நிக்கிறேன். உன் மாத்திரை அப்படி வேலை செய்யுது.” அவன் சிரிக்கும்போதே மூச்சு வாங்கியது. “நீ எப்படி? விரதம் ஒழுங்கா இருக்கியா?”

“ம்.”

“தனியா இருக்கிறது கஷ்டமா இருக்கா?”

“இல்ல. தர்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு...”

“சொல்லு.”

அவனுக்குப் பின்னால் யாரோ ஆங்கிலத்தில் அவசரப்படுத்துவது கேட்டது. மனாங் என்ற அந்த மலையூரில் வெளிநாட்டுக்குப் பேச ஒரே தொலைபேசிதான் என்று அவன் முன்பே சொல்லியிருந்தான்.

“வந்ததும் சொல்றேன். கணவாயைத் தாண்டினதும் உடனே கூப்பிடுங்க.”

“வெள்ளிக்கிழமை. உனக்குக் காலையில பத்து மணிக்குள்ள கூப்பிட்டுடுவேன்.”

அது செவ்வாய்க்கிழமை நடந்த பேச்சு. இன்று வெள்ளிக்கிழமை. மணி பத்தே கால். வான்மதி லண்டனில், ஆர்ச்வேக்குப் போகும் பேருந்தின் மேல்தட்டில், கைபேசியை உள்ளங்கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். ஈஸ்ட் பின்ச்லியிலிருந்து ரயிலில் வந்திருந்தால் பத்து நிமிடத்தில் கோயிலுக்குப் போயிருக்கலாம். ஆனால் சுரங்கத்துக்குள் சிக்னல் இருக்காது. அந்தச் சில நிமிடங்களில் அவன் கூப்பிட்டுவிட்டால்? அதனால்தான் பேருந்து.

நேபாளத்தில் இப்போது மாலை மூன்று மணி. விடிவதற்கு முன்பே ஏறத் தொடங்கி, ஒன்பது மணிவாக்கில் கணவாயின் உச்சியைத் தொட்டு, மதியத்துக்குள் மறுபக்கம் இறங்கிவிட வேண்டும். மதியத்துக்குப் பிறகு அங்கே காற்று ஆளையே தள்ளும் என்று தர்மேந்திரன்தான் படம் போட்டு விளக்கியிருந்தான். தோரோங் லா. ஐயாயிரத்து நானூற்றுப் பதினாறு மீட்டர். அந்த எண்ணை அவளால் தூக்கத்திலும் சொல்ல முடியும்.

இருவரும் படிப்புக்காக மலேசியாவிலிருந்து லண்டனுக்கு வந்தவர்கள். அவன் தைப்பிங், அவள் கிள்ளான். திருமணமாகிப் பதினோரு வருடம். அதில் ஏழு வருடமாக ஒவ்வொரு ஐப்பசியிலும் கந்த சஷ்டி விரதம் சேர்ந்தே இருந்தார்கள். ஐந்து நாள் பாலும் பழமும் ஒரு வேளை. ஆறாம் நாள் சூரசம்ஹாரம் முடியும்வரை தண்ணீரும் கிடையாது. எல்லாம் ஒரு குழந்தைக்காக. நடுவில் மூன்று முறை சோதனைக்குழாய்ச் சிகிச்சையும் நடந்தது. மூன்றாவதும் போன மார்ச்சில் வீணானது.

நிறுத்திக்கொள்ளலாம் என்று சொல்ல அவள் இரண்டாவது முறைக்குப் பிறகே நினைத்தாள். சொல்ல வாயெடுத்த ஒவ்வொரு முறையும் தர்மேந்திரன் எதிரே வந்து நின்றான். ஊசி போட வேண்டிய நேரத்துக்குக் கடிகாரத்தில் மணி வைத்தவன் அவன். ஊசி போட்ட இடம் கன்றிப்போனபோது மிதமான சூட்டில் ஒத்தடம் கொடுத்தவன் அவன். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? மார்ச்சில்கூட, மருத்துவமனை வாசலில் அவள் தோளை அணைத்துக்கொண்டு, “அடுத்த வருஷம் இன்னொரு தடவை பார்ப்போம்” என்றுதான் சொன்னான். அவளும் தலையாட்டினாள்.

அதனால்தான் கோடையில் அவன் வந்து, டேவிட் முதலான அலுவலக நண்பர்களோடு இமயமலைக்கு நடக்கப் போகிறேன் என்றபோது அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். பல வருடங்களில் முதல் முறையாகக் குழந்தையோடு சம்பந்தமில்லாத ஒன்றுக்கு அவன் ஆசைப்பட்டான். முதுகுப்பையில் செங்கல் மாதிரிப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு ஹாம்ப்ஸ்டெட் மேட்டில் ஏறி இறங்கினான். அவள் உயர நோய்க்கான மாத்திரைகளை வாங்கி, பெட்டியின் மேல் தன் கையாலேயே எழுதி ஒட்டினாள்: ‘காலை ஒன்று, மாலை ஒன்று. நாளுக்கு நாலு லிட்டர் தண்ணீர்.’ மருந்துக்கடையில் யார் யாருக்கோ ஒட்டுவதை விட இரண்டு மடங்கு பெரிய எழுத்தில்.

நடையும் சஷ்டியும் ஒரே வாரத்தில் வருவதை நாட்காட்டியில் பார்த்தபோது, இந்த வருடம் அவனால் விரதம் இருக்க முடியாது என்று அவளே முடிவு செய்துகொண்டாள். அதை அவனிடம் கேட்கவில்லை. அவள் மட்டும் இருப்பதாகத்தான் பேச்சு. ஆனால் முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை காலையில், முந்தைய நாள் தீபாவளிக்கு வைத்த கோழிக்குழம்பைச் சூடாக்கி, தோசை சுட்டுச் சாப்பிட்டாள். குற்ற உணர்ச்சி வரும் என்று காத்திருந்தாள். பசிதான் வந்தது. இன்னொரு தோசை சுட்டாள்.

பேருந்து கோயிலுக்கு எதிரே நின்றது. பத்தரை. கைபேசி மௌனமாகவே இருந்தது.

மாலை சூரசம்ஹாரத்துக்காகக் கோயிலில் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. வாசலுக்குப் பக்கத்து அறையில் சிவமலர் அக்கா பூக்கட்டிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அறுபதைத் தாண்டியவர். வருடா வருடம் சஷ்டிக்கு ஆறு நாளும் இங்கேயே கிடப்பவர். வான்மதியைப் பார்த்ததும் பக்கத்தில் இடம் ஒதுக்கினார்.

“முகம் வாடிப்போச்சுது, பிள்ளை. ஆறாம் நாளல்லோ, அப்படித்தான் இருக்கும். அவரும் அங்கை பாவம். குளிருக்கை, வெறும் வயித்தோடை.”

“அவர் இந்த வருஷம் விரதம் இல்லக்கா. மலை ஏறும்போது எப்படி இருக்க முடியும்?”

சிவமலர் கட்டுவதை நிறுத்தினார். “ஆர் சொன்னது? வெளிக்கிடுறதுக்கு முதல் நாள் இஞ்சை வந்தவர். குருக்களிட்டைக் காப்பு நூல் கேட்டு வாங்கினவர். ஞாயிற்றுக்கிழமை அங்கை தானே கட்டிக்கொள்ளுறன் எண்டு பேர்சுக்குள்ளை வச்சுக்கொண்டு போனவர். மலையைத் தாண்டுற நாளும் சூரன்போரும் ஒண்டாய் வரவேணும் எண்டுதான் நாள் பாத்ததாம். பெரிய நேர்த்தி எண்டவர். உமக்குத் தெரியாதோ?”

ஆப்பிள். சூடாக ஒரு கப் பால்.

அவன் பொய் சொல்லவில்லை. சாப்பிட்டதை அப்படியே சொன்னான். கேட்டவளுக்குத்தான் உறைக்கவில்லை. இமயமலைக்கும் அவன் குழந்தைக்காகத்தான் போயிருக்கிறான்.

அவள் மனம் மருந்துக்கடைக் கணக்கில் ஓடத் தொடங்கியது. அந்த மாத்திரை உடம்பிலுள்ள தண்ணீரைப் பிழிந்து வெளியேற்றும். அந்த உயரத்தின் காற்று மூச்சு வழியாக மீதியை உறிஞ்சும். அதனால்தான் நாலு லிட்டர். இன்றைக்கு ஆறாம் நாள். நேற்று இரவிலிருந்து அவன் ஒரு சொட்டுக்கூடக் குடித்திருக்க மாட்டான். தலை வலிக்கும், கால் தடுமாறும், புத்தி குழம்பும். உயர நோய்க்கும் இவைதான் அறிகுறிகள். கூட இருப்பவர்களுக்கு எது எதுவென்று தெரியாது. தண்ணீரை வேண்டாம் என்று தள்ளுகிறவனை டேவிட் என்னவென்று புரிந்துகொள்வான்? அதோடு, சூரசம்ஹாரம் முடியும்வரை என்றால் எந்த ஊர் மாலை? நேபாளத்து மாலையா, லண்டன் மாலையா? தர்மேந்திரனை அவளுக்குத் தெரியும். இரண்டில் கடினமானதைத்தான் எடுத்துக்கொள்வான்.

பதினொன்றுக்கு அவள் வெளியே வந்து, பயணத்தை ஏற்பாடு செய்த நிறுவனத்தைக் கூப்பிட்டாள். பேசிய பெண் கனிவாகத்தான் பேசினாள். காத்மாண்டு அலுவலகத்திலிருந்து ஒரு தகவல் வந்திருக்கிறது என்றாள். கணவாய்க்குச் சற்றுக் கீழே குழுவில் ஒருவருக்கு முடியாமல் போய், குதிரையில் ஏற்ற வேண்டியிருந்ததாம். யார் என்று தகவலில் இல்லை. குதிரை மேலே போனதா, கீழே திரும்பியதா என்றும் இல்லை. விசாரித்துச் சொல்கிறோம், கவலைப்பட வேண்டாம் என்றாள்.

நாலு பேர் கொண்ட குழு. அதில் ஒருவர்.

அதற்குப் பிறகு வான்மதி உள்ளே போகவில்லை. உள்ளே சிக்னல் ஒரு கோடு, வெளியே மூன்று கோடு. நடைபாதையில் நின்றாள். லாரிகள் அதிர்ந்துகொண்டு போயின. மார்ச்சிலேயே சொல்லியிருந்தால் அவன் இந்த வேண்டுதலை வைத்திருப்பானா? செவ்வாய்க்கிழமை சொல்லியிருந்தாலாவது இன்று தண்ணீர் குடித்திருப்பான். அவன் பின்னால் அவசரப்பட்டவர்கள் இரண்டு நிமிடம் காத்திருந்திருக்க மாட்டார்களா? தான் வாய் திறக்காததால் அவன் அங்கே பனியில் கிடக்கிறான் என்று நினைத்தபடி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

பன்னிரண்டு மணிக்குச் சிவமலர் அக்கா வெளியே வந்தார். தன் சால்வையை அவள் மேல் போட்டார்.

“உள்ளை வந்து இரும் பிள்ளை. தண்ணியும் இல்லாமல் இப்பிடி நிண்டால் விழுந்துபோவீர்.”

“நான் விரதம் இல்லக்கா.”

வான்மதி சால்வையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“ஒரு நாள்கூட இருக்கல. ஆறு நாளும் சாப்பிட்டேன். கோழி சாப்பிட்டேன். அவருக்குத் தெரியாது.”

கோயில் வாசலில் நின்று இதைச் சொல்ல நேர்ந்ததே என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சிவமலர் அக்கா உள்ளே போனார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றே நினைத்தாள். திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு கோப்பையில் தேநீர் இருந்தது.

“அப்ப இதைக் குடியும். நான்தான் குடிக்கேலாது, உமக்கென்ன.”

பாதிக் கோப்பை குடித்திருப்பாள். கைபேசி அதிர்ந்தது. ஒன்பது ஏழு ஏழில் தொடங்கும் நேபாள எண். கோப்பையைச் சிவமலரிடம் கொடுத்தாளா, கீழே வைத்தாளா என்றுகூடத் தெரியவில்லை.

“மதி.”

குரல் கம்மிப்போய், காய்ந்துபோய் வந்தது. ஆனாலும் அவனுடைய குரல்.

“எங்க இருக்கீங்க?”

“இறங்கிட்டேன். முக்திநாத்துல இருக்கேன்.”

“குதிரையில ஏத்தினது உங்களையா?”

“உனக்கு யாரு சொன்னா?”

“உங்களையா?”

“ஆமா” என்றான்.

பிறகு அவனே சொன்னான், விட்டுவிட்டு. உச்சிக்கு அரை மணி நேரம் இருக்கும்போது கால் நகரவில்லை. பனியில் உட்கார்ந்துகொண்டு, கொஞ்சம் தூங்கிவிட்டு வருகிறேன் என்று டேவிட்டிடம் தமிழில் சொல்லியிருக்கிறான். வழிகாட்டி மன் பகதூர் தண்ணீரை நீட்டியபோது இரண்டு முறை தட்டிவிட்டானாம். மூன்றாவது முறை அந்த மனிதர் தலையைப் பிடித்து வாயில் ஊற்றியிருக்கிறார். ஒரு வாய் உள்ளே போனதும் அவனால் நிறுத்த முடியவில்லை. புட்டி முழுவதும் குடித்தான். குதிரையில் ஏற்றி உச்சிக்குக் கொண்டுபோனதும், அங்கிருந்த தேநீர்க் குடிசையில் முட்டை ஊற்றிய சூப்பையும் குடித்தான். அதற்குப் பிறகு குதிரையை விட்டுவிட்டு, மறுபக்கம் நடந்தே வந்திருக்கிறான்.

“இப்ப எப்படி இருக்கு? தலைவலி? வாந்தி ஏதாவது?”

“ஒண்ணும் இல்ல. நல்லாத்தான் இருக்கேன்.” குரல் உடைந்தது. “முறிச்சிட்டேன் மதி. அஞ்சு நாள் இருந்துட்டு ஆறாவது நாள் முறிச்சிட்டேன். இந்த மலையைத் தாண்டி முடிச்சா நமக்குக் கண்டிப்பாக் கிடைக்கும்னு நெனச்சேன். உனக்குச் சொல்லாம வெச்சிருந்தேன். நீ அங்க தனியா பட்டினி கெடக்கிற, நான் இங்க முட்டை சாப்பிட்டேன். மன்னிச்சிடு. அடுத்த வருஷம் சரியா இருந்துடுவோம். ரெண்டு பேரும் சேர்ந்தே இருப்போம், என்ன?”

வான்மதி சால்வையை இறுக்கிப் பிடித்தாள். அவன் உயிரோடு இருக்கிறான் என்ற நிம்மதியில், சரி என்று சொல்லிவிடத்தான் நாக்கு எழுந்தது. மார்ச்சில் தலையாட்டியது போலவே.

“நான் இந்த வருஷம் விரதமே இருக்கல, தர்மா.”

“என்ன?”

“ஆறு நாளும் சாப்பிட்டேன். உங்ககிட்ட ‘ம்’னு சொன்னது பொய்.”

“ஏன் மதி? உடம்பு சரியில்லையா?”

“உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு.” அவள் சாலைப் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டாள். இரைச்சலில் ஒரு சொல்கூட அவனுக்குக் கேட்காமல் போகக் கூடாது. “நான் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். ரெண்டு வருஷமாக் கேக்கணும்னு இருக்கேன்.”

“கேளு.”

“நிறுத்திக்கலாம். விரதம், ஊசி, ஆஸ்பத்திரி, எல்லாத்தையும். பிள்ளைன்னா எனக்கு ஆசை இல்லன்னு நெனச்சிடாதீங்க. ஆனா இன்னொரு வருஷம் இதுக்காகக் காத்துக்கிட்டு இருக்க என்னால முடியாது. நாம ரெண்டு பேராவே இருந்துடலாம், தர்மா. சரின்னு சொல்லுங்க.”