அதிகாரி பியோ வரைந்த ஆர்க்கிட் இலைகள்

அதிகாரி பியோ மாற்றலாகி எங்கள் யொங்சொன் ஊருக்கு வந்த வசந்தத்தில், அவர் மையால் வரைந்த முதல் ஆர்க்கிட் இலை கொல்லனின் இடது காதை அறுத்தது. நுனி எந்தத் திக்கைப் பார்க்கிறதோ, அந்தத் திக்கில் அகப்படும் முதல் ஆளுக்கு வெட்டு விழும். அவருக்கும் இது தெரியும். நல்ல ஓவியம் நாலு பேரைப் பாதிக்கத்தான் செய்யும் என்பார்.

அவருடையது நடுங்கும் கோடு. முழங்கையை மேசையில் ஊன்றி, பாதியில் நின்று யோசித்து, தொட்டுத் தொட்டு ஒட்டுப்போடுவார். அதனால் காயங்களும் ரம்பத்தால் அறுத்ததுபோல் பிசிறாக விழுந்தன. ஒட்டுப்போட்ட இடத்தில் மறுபடியும் அறுபட்டது. பெரிய மனிதர்கள் கட்டுப்போட்ட கையால் தாடியை நீவி, "அடடா, என்ன கம்பீரம்!" என்றார்கள். அதிகாரியின் கோட்டைக் குறை சொல்வது எங்கள் பக்கம் மரியாதையில்லை. புகழப் புகழ அவர் வரைந்தார். காயத்துக்குக் கட்டத் துணியில்லாமல் பாவாடைகளைக் கிழித்தோம்.

கிழக்கே சாயும் நீள இலை அவருக்குப் பிரியமானது. கிழக்குக் கொட்டகையில் தறி நெய்தவள் புன்னே. அரசாங்க அடிமை, இடம் மாற முடியாது. அவளுக்கு மூன்று விரல்கள் போயின. அவளுடைய அக்காவின் பெயர் ஓக்தான்; அரசாங்க நாட்டியக்காரி, ஆர்க்கிட் வரைவதில் பேர்பெற்றவள். அவள் நேரே பியோ வரையும் கூடத்துக்குப் போனாள்.

"எசமான், கோடு நடுங்குது."

"யாரு கோடு?"

"உங்க கோடுதான். நின்னு நின்னு இழுத்தா ஓணான் வால் மாதிரிதான் வரும்."

முதலில் பிரம்படி கொடுக்கச் சொன்னார். முதுகில் ரத்தம் காய்வதற்குள் பாடம் கேட்டார். முழங்கையைத் தூக்கு, தோளிலிருந்து இழு, கண் நுனி சேரும் இடத்தில் இருக்கட்டும், மூச்சு ஒன்றே. நடுவில் அழுத்து, கடைசியில் தூக்கு. கோடு திருந்தினால் காயமாவது சீக்கிரம் ஆறும் என்று நினைத்தாள். பியோ கெட்டிக்காரர், கோடு திருந்தியது. அழுத்திய இடம் எலும்புவரை இறங்கியது. வரி வசூலிப்பவரின் கால் துண்டாகி விழுந்தது. அவர் அது இல்லாமலே வாசல்வரை நடந்த பிறகுதான் விழுந்தார்.

"அக்கா, முன்னாடி விரல்தான் போச்சு. இப்ப கழுத்தே போயிடும். நல்லா சொல்லிக்குடுத்தே போ!" என்றாள் புன்னே.

"பொறுடி. இன்னும் ஒரு பாடம் பாக்கி."

அறுவடைத் திருவிழாவன்று, தலைநகர் அமைச்சருக்கு அனுப்பப் பெரிய தாள் விரித்து, கிழக்கே சாயப்போகும் இலைக்காகப் பியோ தூரிகையை முக்கினார். புன்னே தறியில் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எசமான், கிழக்க சாயறதைக் கத்துக்குட்டியும் போடுவான். வரையறவன் நெஞ்சைப் பாத்து வளையற இலைதான் கஷ்டம். தலைநகர்லயே எல்லாருக்கும் கை நடுங்கிடும்," என்றாள் ஓக்தான்.

"எனக்கா நடுங்கும்?"

முழங்கையைத் தூக்கி இழுத்தார். பாதி இலையில் அவருக்கு விளங்கிவிட்டது. நிறுத்தினால் கோடு நடுங்கும், கூடமே பார்க்கும். அவர் நிறுத்தவில்லை. நடுவில் இன்னும் அழுத்தினார்.

சுத்தமான வெட்டு; ஒரு வாளித் தண்ணீரில் கூடம் கழுவப்பட்டது. ஓக்தான் குனிந்து, பிசிறே இல்லை என்றாள். புன்னே மிச்ச விரல்களால் நெசவைத் தொடர்ந்தாள். படத்தை உரியபடி அனுப்பிவைத்தோம். கோடு அபாரம், நுனி மட்டும் இன்னும் கொஞ்சம் மெலிந்திருக்கலாம் என்று அமைச்சர் சொல்லியனுப்பினார். நியாயம்தான். நுனிக்கு வரும்போது பியோவுக்குத் தலை இல்லை.